திருத்தாமல் விட்ட ஒரு பிழை

அன்புள்ள சார்,

வணக்கம். அரசுப் பள்ளியில் 14 வருடமாகத் தமிழ் எடுக்கிறேன். நான்கு வகுப்பு, வகுப்புக்கு 40 பிள்ளைகள். போன வாரம் ஆய்வுக்கு வந்த அதிகாரி, மேசையில் அடுக்கியிருந்த கட்டுரை நோட்டுகளில் மூன்றை உருவிப் பார்த்தார். ஒன்றில் ஓர் எழுத்துப்பிழை திருத்தப்படாமல் இருந்தது. "நோட்டைப் படிப்பீர்களா, இல்லை கையெழுத்து மட்டும்தானா?" என்று பிள்ளைகள் முன்னாலேயே கேட்டார். அன்றைக்கு எனக்கு இருந்த ஒரே ஓய்வுப் பாடவேளையும், வராத ஆசிரியர் ஒருவரின் வகுப்புக்குப் போய்விட்டிருந்தது.

வீட்டிலோ, "உனக்கென்ன, நாலு மணியோடு வேலை முடிந்துவிடுகிறது, லீவு வேறு" என்கிறார்கள். உண்மைதான், நாலரைக்குள் வந்துவிடுகிறேன். வந்ததும் என் சொந்த மகன் எதையாவது இரண்டாவது தடவை கேட்டால் எரிந்து விழுகிறேன். பள்ளியில் ஒரே சந்தேகத்தை ஏழு தடவை சிரித்த முகத்தோடு விளக்கியவளும் நான்தான். தொண்டை எந்நேரமும் கட்டியே இருக்கிறது. ஆசிரியர் அறையில் எப்போதும் புலம்பலும் வம்பும்தான் என்பதால் அங்கே போவதை நிறுத்திவிட்டேன். வகுப்பிலேயே சாப்பிடுகிறேன். இந்த வேலைக்கு நான் லாயக்கில்லையோ என்று தோன்ற ஆரம்பித்துவிட்டது. பெயர் வெளியிட வேண்டாம்.

ஓர் ஆசிரியை

*

அன்புள்ள டீச்சர்,

அந்த மூன்று நோட்டிலிருந்தே ஆரம்பிக்கிறேன். உங்கள் கடிதத்தைப் படித்ததும் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். மொத்தம் 160 நோட்டு. ஒரு கட்டுரையைப் படித்து, பிழையைச் சுழித்து, கீழே ஒரு வரி எழுதி, தேதியோடு கையெழுத்துப் போட இரண்டு நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு நிமிடம் எப்படிப் போதும் என்பீர்கள். சரி, பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். 320 நிமிடம் ஆகிறது. அதாவது 5 மணி 20 நிமிடம். கட்டுரை நோட்டோடு வகுப்பு நோட்டு, இலக்கணப் பயிற்சி நோட்டு என்று மூன்று இருந்தால், வாரம் ஒருமுறை பார்த்து முடிக்க 16 மணி நேரம். நடுவில் தண்ணீர் குடிக்க எழுந்த நேரம் இதில் சேரவில்லை.

இந்த 16 மணி நேரம் உங்கள் கால அட்டவணையில் எந்தக் கட்டத்தில் இருக்கிறது? எங்கேயும் இல்லை. ஓய்வுப் பாடவேளை என்று ஒரே ஒரு கட்டம் இருந்தது, அதையும் வாங்கிக்கொண்டார்கள். (அதற்கு 'ஓய்வு' என்று பேர் வைத்தவரை ஒருநாள் சந்திக்க வேண்டும். அந்தப் பேரைப் பார்த்துத்தானே, "சும்மாதானே இருக்கிறீர்கள், ஏழாம் வகுப்பைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று கேட்கத் தோன்றுகிறது.) இல்லாத நேரத்திலிருந்து 16 மணி நேரத்தை எடுத்துச் செய்கிற வேலையில் ஓர் எழுத்து விட்டுப்போவது எனக்கு ஆச்சரியமாக இல்லை. ஒன்றுதான் விட்டுப்போயிருக்கிறது என்பதுதான் ஆச்சரியம். பிள்ளைகள் முன்னால் அவர் அப்படிக் கேட்டது தவறு. தலைமையாசிரியர் அறையில் கேட்டிருக்கலாம்.

நானும் மூன்று வருடம் ஆசிரியராக இருந்தவன். அதைப் பற்றி இங்கே அதிகம் எழுதியதில்லை, எழுதும்படி அதில் பெருமை ஒன்றுமில்லை. இரண்டாம் வருடத்தில் ஒரு சிறுமி கட்டுரை நோட்டை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். "சார், இந்தப் பக்கத்தில் நான் இன்னும் எழுதவே இல்லை" என்றாள். வெற்றுப் பக்கம். அதன் அடியில் சிவப்பு மையில் 'நன்று', தேதி, என் கையெழுத்து. முந்தின இரவு அரைத் தூக்கத்தில் பக்கம் மாறிப் போட்டிருக்கிறேன். அவள் புகார் சொல்ல வரவில்லை. அந்தப் பக்கத்தில் இனி எழுதலாமா, கூடாதா என்று தெரிந்துகொள்ள வந்தாள். உங்கள் அதிகாரி அன்றைக்கு என் மேசையிலிருந்து நோட்டை உருவியிருந்தால் நான் என்ன பதில் சொல்லியிருப்பேன் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

இப்போது நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன். எல்லாவற்றையும் திருத்துவதை நிறுத்துங்கள்.

சோம்பேறித்தனத்துக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று நினைக்க வேண்டாம். 1988-ல் ரூத் பட்லர் என்ற ஆய்வாளர் இஸ்ரேலில் பள்ளிப் பிள்ளைகளை மூன்று பிரிவாக வைத்து ஒரு சோதனை செய்தார். ஒரு பிரிவுக்கு மதிப்பெண் மட்டும். இன்னொன்றுக்கு மதிப்பெண் இல்லாமல் குறிப்பு மட்டும். மூன்றாவதற்கு இரண்டும். குறிப்பு மட்டும் பெற்றவர்கள்தான் அடுத்த முறை மேலே வந்தார்கள், ஆர்வமும் அவர்களிடம்தான் நின்றது. இரண்டும் பெற்றவர்கள், மதிப்பெண் மட்டும் பெற்றவர்களைப் போலவே இருந்துவிட்டார்கள். மதிப்பெண்ணைப் பார்த்ததும் பிள்ளை நோட்டை மூடிவிடுகிறது, அப்புறம் பக்கம் முழுக்க நீங்கள் எழுதியிருப்பதை யார் படிப்பது? 14 வருடமாக நீங்களே பார்த்திருப்பீர்கள். இரவு பதினொரு மணிக்குச் சுழித்த முப்பது சிவப்பு வட்டங்களை ஒரு பிள்ளை மூன்று நொடியில் பார்த்து முடித்துவிடும்.

அதனால் நான் சொல்வது இது. ஒரு வாரம் ஒற்றுப்பிழை மட்டும் பாருங்கள். அடுத்த வாரம் ல, ள, ழ மட்டும். என்ன பார்க்கப்போகிறீர்கள் என்பதைக் கட்டுரை எழுதச் சொல்லும்போதே பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். பிழை உள்ள வரியின் ஓரத்தில் ஒரு புள்ளி வையுங்கள், கண்டுபிடிப்பது அவர்கள் வேலை. ஒரு வகுப்புக்கு வாரம் பத்து நோட்டை மட்டும் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்து, இரண்டு வரி எழுதிக் கொடுங்கள். நாலு வாரத்தில் நாற்பது பேரும் ஒரு சுற்று வந்துவிடுவார்கள். மற்ற முப்பதில் தேதியும் கையெழுத்தும் இருக்கட்டும், ஆய்வுக்கு அது வேண்டும். ஆனால் ஒன்று, இதை யாருக்கும் தெரியாமல் செய்யாதீர்கள். வகுப்பு நோட்டின் முதல் பக்கத்திலேயே இந்த முறையை எழுதி ஒட்டச் சொல்லுங்கள், தலைமையாசிரியரிடம் ஒரு வார்த்தை முன்னாலேயே சொல்லிவையுங்கள். அடுத்த தடவை அதிகாரி திருத்தாத பிழையைக் காட்டினால், "இந்த வாரம் ஒற்று மட்டும், சார்" என்று சொல்ல உங்களிடம் ஒரு பதில் இருக்கும். அதை அவர் ஏற்பாரா? எல்லாரும் ஏற்க மாட்டார்கள்.

உங்கள் வீட்டார் விஷயம். நாலு மணிக்கு வேலை முடிகிறது என்று அவர்கள் நம்புவதில் அவர்கள் தப்பு மட்டும் இல்லை. பிள்ளைகள் முன்னால் நிற்கிற நேரத்தைத்தான் உலகம் ஆசிரியர் வேலை என்று எண்ணுகிறது. நாம் எல்லாரும் பத்துப் பன்னிரண்டு வருடம் பெஞ்சில் உட்கார்ந்து அதைத்தானே பார்த்தோம்? 1966 அக்டோபர் 5 அன்று பாரிசில் யுனெஸ்கோவும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து ஆசிரியர்களின் நிலை பற்றி ஒரு பரிந்துரை கொண்டுவந்தன. அந்தத் தேதியைத்தான் 1994 முதல் உலக ஆசிரியர் தினமாகக் கொண்டாடுகிறார்கள். ஆசிரியரின் வேலை நேரத்தைக் கணக்கிடும்போது எத்தனை மாணவர்கள், ஒரு நாளைக்கு எத்தனை வெவ்வேறு பாடங்கள், தயாரிக்க எவ்வளவு நேரம், திருத்த எவ்வளவு நேரம் என்பதையெல்லாம் சேர்க்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. கற்பித்தல் அல்லாத வேலைகளுக்குத் தனி ஆள் வேண்டும் என்றும் இருக்கிறது. வெறும் பரிந்துரைதான், எந்த அரசையும் கட்டாயப்படுத்தாது. அந்தத் தினத்து வாழ்த்துகளில் இதையெல்லாம் யாரும் சொல்வதில்லை. ஆசிரியர் ஒரு மெழுகுவத்தி என்பார்கள். மெழுகுவத்திக்கு யார் வேலை நேரம் குறிக்கப் போகிறார்கள்?

வீட்டில் வாதாடாதீர்கள். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு திருத்துகிறீர்கள் என்று ஊகிக்கிறேன். ஒரு வாரம் நோட்டுக் கட்டோடு எல்லாரும் உட்காரும் இடத்தில் நடுவில் உட்காருங்கள். தொலைக்காட்சியை மறைத்தாலும் பரவாயில்லை.

மகனிடம் எரிந்து விழுவதைத்தான் நீங்கள் பெரிய குற்றமாக எழுதியிருக்கிறீர்கள். தொடக்கப் பள்ளி வகுப்பறைகளில் நெடுநாள் உட்கார்ந்து பார்த்த பிலிப் ஜாக்சன், ஓர் ஆசிரியர் ஒரே நாளில் ஆயிரம் தடவை வரைக்கும் யாரோ ஒரு பிள்ளையோடு ஏதோ ஒரு கொடுக்கல் வாங்கலில் ஈடுபடுகிறார் என்று 1968-லேயே எழுதினார். ஒரு கேள்வி, ஓர் அதட்டல், ஒரு தலையசைப்பு, கழிப்பறைக்குப் போக ஓர் அனுமதி. ஒவ்வொன்றிலும் ஒரு சின்ன முடிவு எடுக்க வேண்டும், அதுவும் முகத்தைச் சரியாக வைத்துக்கொண்டு. உங்கள் மகனுடையது ஆயிரத்து ஓராவது கேள்வி, அவ்வளவுதான். வந்ததும் அரை மணி நேரம் அம்மாவிடம் எதுவும் கேட்கக் கூடாது என்று அவனிடம் சொல்லிவிடுங்கள். கோபமில்லாத நேரத்தில் சொன்னால் பிள்ளைகள் புரிந்துகொள்வார்கள்.

தொண்டையைச் சும்மா விடாதீர்கள். 2004-ல் அமெரிக்காவில் இரண்டு மாநிலங்களில் எடுத்த ஆய்வொன்றில், வாழ்நாளில் எப்போதாவது குரல் கோளாறு வந்ததாகச் சொன்ன ஆசிரியர்கள் 57.7 சதவீதம், மற்றவர்கள் 28.8 சதவீதம். சில வாரங்களாகவே கட்டியிருக்கிறது என்றால் தொண்டை மருத்துவரைப் பாருங்கள். கிசுகிசுவென்று பேசினால் குரலுக்கு ஓய்வு என்பதும் தப்பு, அதிலும் தொண்டைக்குச் சிரமம்தான். பேசாமல் இருப்பதுதான் ஓய்வு. அதற்கு வகுப்பிலேயே ஓர் இடம் உண்டு. கேள்வி கேட்டதும் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் பதிலுக்குக் காத்திருக்கிறார்கள், அப்புறம் அவர்களே பேசிவிடுகிறார்கள் என்று 1970-களில் மேரி பட் ரோ என்ற கல்வி ஆய்வாளர் கண்டுபிடித்தார். மூன்று நொடி காத்திருந்தால் பதில்கள் நீளமாகின்றன, வாயே திறக்காத பிள்ளைகளும் பேசுகிறார்கள். நான் வகுப்பில் இதை ஒருபோதும் செய்ததில்லை. மூன்று நொடி மௌனம் அவ்வளவு நீளமாக இருக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லவும் இல்லை.

ஆசிரியர் அறை விஷயத்தில் மட்டும் உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை. 1975-ல் டான் லார்ட்டி என்ற சமூகவியலாளர் பள்ளிக்கூடத்தை முட்டை அடுக்கும் அட்டைக்கு ஒப்பிட்டார். ஒவ்வொரு ஆசிரியரும் ஒவ்வொரு குழியில், பக்கத்துக் குழியில் என்ன நடக்கிறதென்று தெரியாமல். நீங்கள் சாப்பாட்டு நேரத்திலும் அந்தக் குழியை விட்டு வெளியே வருவதில்லை. புலம்பல் இருக்கும், வம்பும் இருக்கும், தெரியும். ஆனால் அந்த வெற்றுப் பக்கக் கதையை நான் முதலில் சொன்னது ஆசிரியர் அறையில்தான், வேடிக்கை போல. எல்லாரும் சிரித்தார்கள். ஓய்வு பெறப்போகிற கணக்கு டீச்சர் ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. "நான் எப்பவும் நாலாவது கணக்கை மட்டும்தான் பார்ப்பேன் தம்பி. நாலாவதைச் சரியாகப் போட்டவனுக்கு முதல் மூன்றும் தெரியும். போடாதவனைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வேன்" என்றார். பயிற்சிக் கல்லூரியில் யாரும் எனக்குச் சொல்லித்தராதது அது. மேலே தேர்ந்து திருத்துவது பற்றி நான் அளந்ததெல்லாம் அவரிடமிருந்து வந்ததுதான், பட்லரின் ஆய்வை ரொம்பப் பின்னால்தான் படித்தேன். அந்த அறையில் உங்களுக்கும் ஒருவர் இருப்பார். பெரும்பாலும் ஓரமாக உட்கார்ந்து டப்பாவை மூடிக்கொண்டிருப்பவர்.

லாயக்கா என்று கேட்டிருந்தீர்கள். 2030-க்குள் உலகத்துக்கு இன்னும் 4 கோடியே 40 லட்சம் ஆசிரியர்கள் தேவை என்கிறது யுனெஸ்கோ. தொடக்கப் பள்ளி ஆசிரியர்களில் வேலையை விட்டுப் போகிறவர்கள் 2015-ல் 4.6 சதவீதமாக இருந்தார்கள், 2022-ல் 9 சதவீதத்தைத் தாண்டிவிட்டார்கள். ஏழு வருடத்தில் உலகம் முழுக்க இத்தனை பேர் திடீரென்று லாயக்கற்றவர்கள் ஆகிவிட்டார்களா? நான் மூன்று வருடத்தில் போனவன், உங்களுக்குத் தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஏழாவது தடவையும் சிரித்த முகத்தோடு விளக்கியதாக எழுதியிருக்கிறீர்கள். நான் மூன்றாவது தடவையிலேயே குரலை உயர்த்திவிடுவேன்.

கடைசியாக ஒன்று. அதிகாரி பிடித்த அந்தப் பிழை எந்தச் சொல் என்று நீங்கள் எழுதவே இல்லை. கடிதத்தை இரண்டு தடவை தேடிப் பார்த்துவிட்டேன். முடிந்தால் அதையும் எழுதுங்கள், எனக்கே அந்தச் சொல்லில் சந்தேகம் இருக்கலாம்.