ஐசியூ டூட்டியில இருந்து எம்பிஏ கிளாஸுக்கு: வாசகியர் கேள்வி பதில்

கேள்வி: அக்கா, நான் பி.எஸ்சி நர்சிங் முடிச்சு சென்னையில ஒரு தனியார் ஆஸ்பத்திரி ஐசியூல 5 வருஷமா வேலை பாக்குறேன், சொந்த ஊர் மதுரை, வயசு 27. நைட் டூட்டியும், வென்டிலேட்டர் பேஷண்ட் ரெண்டு பேர ஒரே ஆளா பாக்குறதும் உடம்பு தாங்கல. எம்பிஏ படிக்கணும்னு ஆசை. வீட்டுல 'வெளிநாடு வேணா போ, இல்ல கல்யாணம் பண்ணிக்கோ, இப்ப எதுக்கு மறுபடி படிப்பு'ன்றாங்க. நர்ஸை எல்லாம் ஐஐஎம் மாதிரி இடத்துல எடுப்பாங்களா? பிளஸ் டூல நான் ப்யூர் சயின்ஸ், மேத்ஸ் தொட்டு பல வருஷம் ஆச்சு. ஹாஸ்பிடல் மேனேஜ்மென்ட் எடுக்கவா, சாதா எம்பிஏவா?

பதில்: எடுப்பாங்கம்மா. டிகிரியில 50 சதவீதம் இருந்தா ஐஐஎம்ல சேர எழுதுற கேட் (CAT) நுழைவுத் தேர்வ எழுதலாம், எஸ்சி, எஸ்டி, மாற்றுத்திறனாளிகளுக்கு 45 போதும். நிறைய ஐஐஎம்ல இன்ஜினியரிங் படிக்காதவங்களுக்கும் பெண்களுக்கும் தனியா மார்க் சேத்துக் குடுக்குறாங்க, வேலை அனுபவத்துக்கும் உண்டு, ஆனா பத்தாவது, பிளஸ் டூ மார்க்கையும் பாப்பாங்க, அத எடுத்து வச்சுட்டு கணக்கு போடு. பரீட்சை 2 மணி நேரம், 3 பகுதி, ஒவ்வொண்ணுக்கும் 40 நிமிஷம். மேத்ஸ் பெரும்பாலும் பத்தாவது வரைக்கும் படிச்சதுதான், சதவீதம், விகிதம், வேகம் தூரம்னு. மருந்து ஏத்துற இன்ஃப்யூஷன் பம்ப்புக்கு மணிக்கு எத்தன எம்எல்னு தினமும் கணக்கு போடுறவ நீ, விகிதத்துக்கு எதுக்கு பயப்படணும்? வழக்கமா நவம்பர் கடைசியில ஒரு ஞாயித்துக்கிழமை வைப்பாங்க, இன்சார்ஜ் சிஸ்டர்கிட்ட அந்த லீவ முன்னாடியே சொல்லி வச்சிரு. தமிழ்நாட்டு காலேஜ்களுக்கு அண்ணா யுனிவர்சிட்டி நடத்துற டான்செட் நுழைவுத் தேர்வும் எழுது.

இப்ப முக்கியமான விஷயம். நைட் டூட்டி தாங்கலன்னா வேலைய மாத்துறதுக்கு அது போதுமான காரணம்தான், ஆனா அதுக்கு மட்டும்னா லட்சக்கணக்குல கடன் வேண்டாம், ஓபி பக்கமோ இன்சூரன்ஸ் டெஸ்க்குக்கோ மாறிக்கலாம். எம்பிஏக்கு வேற ஒரு காரணம் வேணும், அது உன் லெட்டர்லயே இருக்கு. வென்டிலேட்டர்ல இருக்கிறவருக்கு ஆளுக்கொரு நர்ஸ்ங்கிறதுதான் முறை. ரெண்டு பேர உன் தலையில கட்டுறாங்கன்னா அது உன் பலவீனம் இல்ல, யாரோ ஒருத்தர் செலவுக் கணக்கு பாத்து எடுத்த முடிவு, அந்த முடிவு எடுக்குற இடத்துல பெட் பக்கத்துல நின்ன ஒருத்தர் இருக்கணும்னு நான் மனசார நினைக்கிறேன். டிஸ்சார்ஜையே எடுத்துக்கோ, டாக்டர் காலையில ரவுண்ட்ஸ்ல 'வீட்டுக்குப் போலாம்'னு சொல்லிடுவார், அப்புறம் சம்மரி டைப் ஆகணும், மீதி மருந்து பார்மசிக்குத் திரும்பணும், பில்லிங், இன்சூரன்ஸ் அப்ரூவல்னு சாயங்காலம் ஆகி கடைசியில பேஷண்ட்டோட சொந்தக்காரங்க திட்டுறது உன்னத்தான். கேஷ்லெஸ்னா, அதாவது பில்ல இன்சூரன்ஸ் கம்பெனியே நேரா கட்டுறதுன்னா, கடைசி அப்ரூவல 3 மணி நேரத்துக்குள்ள அவங்க தரணும்னு இன்சூரன்ஸ் கம்பெனிகளக் கட்டுப்படுத்துற ஐஆர்டிஏஐ 2024ல சொல்லிடுச்சு, ஆனா ஆஸ்பத்திரிக்குள்ள பேப்பர் எங்க நிக்குதுன்னு உனக்குத்தான் தெரியும். இன்டர்வியூல 'ஏன் நர்சிங்க விடுறீங்க'ன்னு கண்டிப்பா கேப்பாங்க, அப்ப இதச் சொல்லு, களைப்ப மட்டும் சொல்லாத.

ஹாஸ்பிடல் மேனேஜ்மென்ட்டா, சாதா எம்பிஏவா? என் கருத்து, காலேஜ் பேர்தான் முதல்ல. நல்ல காலேஜ்ல சாதா எம்பிஏ கிடைச்சா அதுக்கே போ, ஆஸ்பத்திரி அனுபவம் ஏற்கெனவே கையில இருக்கு, உனக்கு இல்லாதது ஃபைனான்ஸும் ஆபரேஷன்ஸும்தான். பேர் தெரியாத காலேஜ்ல ஹாஸ்பிடல் மேனேஜ்மென்ட் சேந்தா, இப்ப வாங்குற சம்பளத்துக்கே ஃப்ரன்ட் ஆபீஸ்ல உக்காரவேண்டி வரலாம், அதனால போன வருஷம் படிச்சு முடிச்சவங்க நாலு பேர்கிட்ட எங்க வேலைன்னு கேக்காம ஃபீஸ் கட்டாத. நர்சிங் சூப்பரின்டெண்ட் ஆகணும்னா மட்டும் எம்.எஸ்சி நர்சிங்தான் நேர் வழி.

கடன் விஷயத்துல, நல்ல தரவரிசையில உள்ள கல்வி நிறுவனங்களுக்கு பிஎம் வித்யாலக்ஷ்மி திட்டத்துல ஜாமீன், அடமானம் இல்லாம கடன் கிடைக்கும், அப்பா வீட்டுப் பத்திரத்த வைக்கணும்னு அவசியம் இல்ல, இத வீட்டுல முதல்ல சொல்லு. பாதி பயம் அதுலதான் இருக்கும். ஒரிஜினல் சர்ட்டிபிகேட் ஆஸ்பத்திரிகிட்ட இருக்கா? ரிசைன் லெட்டர் குடுக்குறதுக்கு முன்னாடியே எழுத்துல கேட்டு வாங்கிரு, அத பிடிச்சு வைக்க அவங்களுக்கு எந்த உரிமையும் இல்ல, அட்மிஷன் அன்னைக்கு ஜெராக்ஸ் செல்லாது. நர்சிங் கவுன்சில் ரிஜிஸ்ட்ரேஷன லாப்ஸ் ஆக விடாத, எம்பிஏ முடிச்சப்புறமும் ரினியூ பண்ணு.

கேள்வி: நான் ஜிஎன்எம்னு சொல்ற நர்சிங் டிப்ளமா படிச்சவ. எனக்கும் எம்பிஏ வழி இருக்கா?

பதில்: நேரா இல்லம்மா, டிகிரி வேணும். 2 வருஷ போஸ்ட் பேசிக் பி.எஸ்சி நர்சிங் முடிங்க, ஆனா சேர நினைக்கிற காலேஜ் அத ஏத்துக்குமான்னு இப்பவே மெயில் போட்டு பதில வாங்கி பத்திரமா வச்சுக்கோங்க.