கைரேகையா, பாஸ்வேர்டா? மக்கள் எதை ஏற்றுக்கொள்கிறார்கள்?

கேள்வி: "பாஸ்வேர்டோடு ஒப்பிட்டால் கைரேகை, முகம் போன்றவற்றை நம் மக்கள் இவ்வளவு எளிதாக ஏற்றுக்கொண்டது ஏன்? யாருக்கும் பயமே இல்லையா?"

பயம் இருக்கிறது. ஆனால் கேள்வி கேட்டவர் நினைக்கிற பயம் வேறு, நான் பார்க்கிற பயம் வேறு. பண்ருட்டிப் பக்கம் ஒரு இ-சேவை மையம் நடத்துகிறேன். "என் ரேகையை யாராவது திருடிவிட்டால்?" என்று கவலைப்படுகிறவர் எப்போதாவது ஒருவர் வருவார். "எனக்கு ரேகை விழுமா தம்பி?" என்று கேட்டுக்கொண்டே உட்காருகிறவர்கள் தினமும் வருகிறார்கள்.

முதலில் பாஸ்வேர்டு படுகிற பாட்டைச் சொல்லிவிடுகிறேன். 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் ஒரே கணினியைப் பலர் பகிர்ந்துகொண்டபோது, அவரவர் கோப்பு அவரவருக்கு மட்டும் என்று பிரிப்பதற்காக ஃபெர்னாண்டோ கோர்பட்டோவின் குழு கொண்டுவந்தது அது. ஆளுக்கு ஒரு ரகசியம், அதை அவர் மனதிலேயே வைத்துக்கொள்வார் என்பது கணக்கு. ஒரே போனை நாலு பேர் பயன்படுத்தும் வீட்டில் அந்தக் கணக்கு எடுபடாது. "பையன் பேரு, அப்புறம் அட், ஒண்ணு ரெண்டு மூணு" என்று பின்னால் நிற்கிறவர்களுக்கும் கேட்கும்படி பாஸ்வேர்டைச் சொல்வார்கள். ஏடிஎம் கார்டு உறையின் மேல் நாலு எண் பேனாவால் எழுதியிருக்கும். கடை வைத்திருக்கும் ஒரு அண்ணன், ஜிஎஸ்டி வேலைக்கு வந்தால், "மறந்துட்டேன்னு ஒரு பட்டன் இருக்கும்ல, அதை அமுக்கு தம்பி. நான் எப்பவும் அது வழியாத்தான் உள்ளே போறது" என்பார்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. பெரிய எழுத்து வேண்டும், சின்ன எழுத்து வேண்டும், குறியீடு வேண்டும், சில மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்று தளங்கள் செய்த கெடுபிடியின் பலன் இது. காரணமில்லாமல் காலக்கெடு வைத்து மாற்றச் சொல்லாதீர்கள் என்று அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் 2017இலேயே சொல்லிவிட்டது. நம் தளங்கள் பலவற்றின் காதில் அது இன்னும் விழவில்லை.

இப்படி அலுத்துப்போயிருந்தவர்களிடம் "விரலை வை, திறக்கும்" என்று சொன்னால் வேண்டாம் என்பார்களா? 2013இல் ஐபோன் 5எஸ்ஸில் அந்த வசதி வந்தது. போன் கடைக்கு வந்த சில நாட்களிலேயே ஜெர்மனியின் கேயாஸ் கம்ப்யூட்டர் கிளப் என்ற ஹேக்கர் குழு, கண்ணாடியில் பதிந்திருந்த ரேகையைப் படமெடுத்து, போலி விரல் செய்து, அதைத் திறந்து காட்டியது. ஆனாலும் மக்கள் அந்த வசதியைக் கைவிடவில்லை. அதில் நியாயமும் இருக்கிறது. வேறொருவர் விரல் தற்செயலாகப் பொருந்திவிட 50,000இல் ஒரு வாய்ப்பு என்று ஆப்பிள் சொல்கிறது. நாலு இலக்க எண்ணை ஒரே முறையில் குருட்டாம்போக்கில் ஊகிக்க 10,000இல் ஒரு வாய்ப்பு. அதோடு, போனில் வைக்கிற ரேகை போனை விட்டு வெளியே போவதில்லை. அது படமாக இல்லாமல் கணக்கு வடிவில், போனுக்குள்ளேயே தனியாக ஒரு பாதுகாப்பான பகுதியில் இருக்கிறது.

இன்னொன்று, போனில் ரேகை விழவில்லை என்றால் குடி முழுகிப் போவதில்லை. பாத்திரம் கழுவிய ஈரக்கையோடு விரல் வைத்தால் ஏற்காது. சரி, பின் நம்பரைப் போட்டுவிட்டுப் போகலாம். போனை அணைத்துப் போட்டாலும் அது முதலில் பின்னைத்தான் கேட்கும். 2025 அக்டோபரில் யுபிஐயில் சிறு தொகைகளுக்குப் பின் நம்பருக்குப் பதில் விரலோ முகமோ காட்டலாம் என்று வந்தபோதும், விருப்பப்பட்டால் மட்டும் என்றுதான் வந்தது. மாற்று வழி கையிலேயே இருப்பதால் மக்கள் தைரியமாக விரல் வைக்கிறார்கள். இதை மட்டும்தான் மனமுவந்த ஏற்பு என்று நான் சொல்வேன்.

ஆதார் கதை வேறு. 2010 செப்டம்பரில் மகாராஷ்டிரத்தின் தெம்ப்லி கிராமத்தில் முதல் எண்ணைக் கொடுத்தார்கள். பத்து விரல், இரண்டு கருவிழி, முகம் என்று எல்லாமே மையக் களஞ்சியத்துக்குப் போகின்றன. இங்கே விரல் வைத்தால், அங்கே இருப்பதோடு ஒப்பிட்டு ஆம், இல்லை என்று பதில் வருகிறது. இல்லை என்று வந்தால் என்ன செய்வது?

எங்கள் பக்கம் முந்திரி உடைக்கும் வேலைக்குப் போகிற பெண்கள் அதிகம். முந்திரி ஓட்டில் இருக்கிற எண்ணெய் தோலைப் பொசுக்கிவிடும். வருடக்கணக்கில் உடைத்தவர்களின் கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் கறுத்து, வழவழவென்று இருக்கும். அப்படி ஒரு அம்மா பென்ஷனுக்கு உயிர்ச் சான்று கொடுக்க வந்தார். கட்டைவிரல் வைத்தார், ஏறவில்லை. முந்தானையில் துடைத்துவிட்டு வைத்தார். ஈரத்துணியில் ஒற்றிவிட்டு வைத்தார். "அழுத்தாதீங்கம்மா, சும்மா மேல வைங்க" என்று சொல்லிச் சொல்லி ஒவ்வொரு விரலாகப் பார்த்ததில், கடைசியில் இடது கை மோதிர விரல் ஏறியது. முந்திரி பிடிக்கும்போது அதிகம் படாத விரல் அது. அந்த அம்மா இப்போது எங்கே போனாலும் அந்த விரலைத்தான் முதலில் நீட்டுகிறாராம். முகத்தைக் காட்டிச் சான்று கொடுக்கும் வசதி 2021 நவம்பரில் வந்த பிறகு இந்தப் பாடு பாதி குறைந்தது.

தமிழ்நாட்டு ரேசன் கடைகளில் 2020 அக்டோபரில் ரேகை வைக்கும் முறை வந்தது. இங்கே குடும்பத்தில் யார் வேண்டுமானாலும் போகலாம், முடியாத முதியவர்கள் எழுதிக் கொடுத்து வேறு ஆளை அனுப்பலாம் என்பதால் ஓரளவு சமாளிக்க முடிந்தது. எல்லா மாநிலத்திலும் அப்படி இல்லை. ஜார்க்கண்டில் 49 சதவீதம், ராஜஸ்தானில் 37 சதவீதம் சரிபார்ப்பு தோல்வி என்ற மதிப்பீடுகளை மத்திய அரசின் 2016-17 பொருளாதார ஆய்வறிக்கையே எடுத்துச் சொன்னது. வேறு வழியில்லாமல் வரிசையில் நிற்கிறவரைக் காட்டி, "பாருங்கள், மக்கள் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள்" என்று சொன்னால் எனக்குக் கோபம்தான் வரும்.

சரி, திருட்டு பயம் ஏன் இல்லை? பழக்கம்தான் காரணம் என்று நினைக்கிறேன். வெளிநாடுகளில் ரேகை என்றால் போலீஸ் ஞாபகம் வரும். இந்தியாவில் 1858இல் வங்காளத்தின் ஜங்கிபூரில் வில்லியம் ஹெர்ஷல் என்ற வெள்ளைக்கார அதிகாரி, சாலைக்குக் கப்பி சப்ளை செய்கிற ஒப்பந்தத்தில் கையெழுத்துக்குப் பதில் கையையே மையில் தோய்த்து வைக்கச் சொன்னார். அப்புறம் பத்திரப் பதிவு அலுவலகத்தில் பெருவிரல் வைக்காமல் ஒரு சென்ட் நிலம் கை மாறியதில்லை. தாத்தா வைத்தார், அப்பா வைத்தார், நாமும் வைக்கிறோம்.

மோசடிக்காரர்கள் கை வைத்ததும் அதே பத்திரங்களில்தான். தெலங்கானாவில் 2018இல் ஒரு சிம் விற்பனையாளர், இணையத்தில் கிடந்த பத்திரங்களிலிருந்து பெருவிரல் ரேகைகளை எடுத்து, ரப்பர் முத்திரை செய்யும் முறையில் போலி செய்து சிம்களை இயக்கியதாகப் பிடிபட்டார். பிறகு வேறு சில மாநிலங்களில் சிலிகோனில் செய்த போலி ரேகையை வைத்து வங்கிப் பணத்தையே எடுத்தார்கள். ஆதார் வழியாகப் பணம் எடுக்க ஆதார் எண், வங்கியின் பெயர், விரல் மூன்றும் போதும். ஒரு தடவைக்கு 10,000 ரூபாய் வரை எடுக்கலாம், ஓடிபி கிடையாது. வைத்தது உயிருள்ள விரல்தானா என்று பார்க்கும் சோதனையை ஆதார் ஆணையம் 2023இல் வலுப்படுத்தியது. நல்லதுதான். ஆனால் பாஸ்வேர்டு போனால் வேறு போடலாம், பெருவிரலுக்கு என்ன செய்வது? 2015இல் அமெரிக்க அரசின் பணியாளர் அலுவலகத்திலிருந்து 56 லட்சம் பேரின் ரேகைகள் திருடு போயின. அவர்களுக்கும் இதே கதிதான்.

கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். போனில் தாராளமாக விரல் வையுங்கள், பின் நம்பரை மட்டும் உறையில் எழுதாதீர்கள். ஆதார் ரேகையை ஆதார் ஆணையத்தின் செயலியில் பூட்டி வையுங்கள். தேவைப்படும்போது கொஞ்ச நேரம் திறந்துகொள்ளலாம். ஒரே ஒரு சிக்கல், பூட்டிய ரேகையை ரேசன் கடை மெஷினும் ஏற்காது. அதனால் அந்த முந்திரி அம்மாவைப் போல செயலி பக்கம் போகாதவர்களுக்கு நான் பூட்டிக் கொடுப்பதில்லை. வங்கிக்குப் போய், ஆதார் வழியாகப் பணம் எடுப்பதை மட்டும் நிறுத்தி வைக்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள் என்கிறேன். பல வங்கிகளில் செய்து கொடுக்கிறார்கள். அந்தக் கடிதத்தை நானே எழுதித் தருகிறேன், அதற்குக் காசு வாங்குவதில்லை.