பழைய கேன்வாஸ் படத்தின் மேல் ஒட்டிய வினைல் எழுத்து ஏன் உரிந்து வருகிறது?

வினைலை, அதாவது எழுத்து வெட்டிய பசையுள்ள பிளாஸ்டிக் தாளை, குறை சொல்லாதீர்கள். கோளாறு துணியில் இருக்கிறது. கேன்வாஸ் நெசவு மேடும் பள்ளமுமானது, பசை மேடுகளை மட்டுமே பிடிக்கிறது. தடித்த வண்ணத் திட்டுகளை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, தூசியைத் துடைத்து, இரண்டு பூச்சு ஜெஸ்ஸோ (வெள்ளை அடிப்பூச்சு), அதன்மேல் அக்ரிலிக் நிறம் கொடுங்கள். (எண்ணெய் வண்ண ஓவியம் என்றால் வேண்டாம், அதன்மேல் அக்ரிலிக் நிலைக்காது.) தொட்டால் காய்ந்ததுபோல் இருந்தாலும் ஓரிரு நாள் பொறுங்கள். நான் பொறுக்கவில்லை, டிரான்ஸ்ஃபர் டேப்போடு (வெட்டிய எழுத்துகளைத் தூக்கி வைத்து ஒட்ட உதவும் டேப்) வண்ணமும் கழன்று வந்தது.

ஒட்டும்போது சட்டத்தின் பின்பக்கம் தடித்த புத்தகம் ஒன்றைச் செருகுங்கள். இல்லாவிட்டால் துணி தொய்ந்து, அழுத்துவதெல்லாம் வீண். டேப்பை மேல்நோக்கி இழுக்காமல், பின்புறமாக மடித்துப் படுக்கைவாக்கில் உரியுங்கள். தமிழில் பெயர் வெட்டினால் முதலில் தப்பி ஓடுவது மெய்யெழுத்தின் புள்ளிதான். அதைச் சற்றுப் பெரிதாக வெட்டுங்கள்.

படமே அழகாக இருந்தால் எனக்குப் பிடித்தது வேறு வழி. எழுத்தை நேராகப் படத்தின் மேல் ஒட்டுங்கள். நிறம் கசியாதிருக்க விளிம்புகளில் நிறமற்ற வார்னிஷ் தடவிக் காயவிட்டு, முழுவதும் வெள்ளை பூசி, அது முற்றிலும் இறுகுமுன் எழுத்தை உரித்தெடுங்கள். பழைய கடலும் மரமும் எழுத்தின் வடிவில் எட்டிப் பார்க்கும்.