முதல் உலகப் போரில் பயிற்சியிலேயே ஏன் அத்தனை விமானிகள் இறந்தார்கள்? அந்தப் போரிலிருந்து விமானப்படைகள் என்ன கற்றுக்கொண்டன?

"பையன்களுக்கு வயசுக் கோளாறு, அலட்சியம், அதனால் விழுந்து செத்தார்கள்" என்று இதே கேள்விக்கு ஒருவர் பதில் எழுதியிருக்கிறார். அதைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. நான் இந்திய விமானப்படையில் ஏர்ஃப்ரேம் டெக்னீஷியனாக, அதாவது விமானத்தின் உடல்பகுதியைப் பராமரிப்பவனாக, இருந்து ஓய்வு பெற்றவன். பைலட் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் என் சர்வீஸில் ஒரு பகுதி தாம்பரத்தில் கழிந்தது. பறக்கத் தெரிந்தவர்களுக்கு, பறக்கக் கற்றுக்கொடுப்பது எப்படி என்று சொல்லித்தரும் பள்ளி அங்கே 1954-லிருந்து இருக்கிறது. அங்கே வேலை பார்த்தவனுக்கு இந்தக் கேள்வியில் ஒரு பங்கு உண்டு.

பிரிட்டனை எடுத்துக்கொள்வோம், எனக்கு ஓரளவு தெரிந்தது அதுதான். 1912-லேயே அப்பேவன் என்ற இடத்தில் மத்தியப் பறக்கும் பள்ளி தொடங்கிவிட்டார்கள். ஆனால் 1914-ல் போர் வந்ததும் விமானிகள் அவசரமாக வேண்டும். யார் சொல்லித்தருவது? போர்முனையில் களைத்துப்போய் ஓய்வுக்கு அனுப்பப்பட்டவர், இல்லையென்றால் நேற்றுத்தான் தானே பாஸானவர். கற்றுக்கொடுப்பது தனி வேலை, அதற்குத் தனிப் பயிற்சி வேண்டும் என்று யாரும் யோசிக்கவில்லை. மோரிஸ் ஃபார்மன் என்ற அந்தக் காலப் பயிற்சி விமானத்தில் மாணவன் ஆசிரியருக்குப் பின்னால் உட்கார்ந்து அவர் முதுகைப் பார்த்துக்கொண்டிருப்பான். இன்ஜின் சத்தத்தில் பேசினால் கேட்காது. கை ஜாடை, கத்தல், சில நேரம் தலையில் ஒரு தட்டு, அவ்வளவுதான் பாடம். விமானத்தை உடைக்கிறான்கள் என்று ஆசிரியர்கள் மாணவர்களை "ஹன்" என்றே கூப்பிட்டிருக்கிறார்கள். அந்தப் போரில் ஜெர்மானியரைத் திட்டும் வார்த்தை அது. சொந்தப் பிள்ளைகளை எதிரியின் பெயரால் கூப்பிட்ட இடத்தில் அவர்களைப் போய் அலட்சியக்காரர்கள் என்று எப்படிச் சொல்ல மனம் வருகிறது?

இதில் கொடுமையானது ஸ்பின். விமானம் வேகம் குறைந்து, இறக்கை தூக்குவிசையை இழந்து, சுழன்றுகொண்டே கீழே விழுவது. 1912 ஆகஸ்டில் வில்ஃப்ரட் பார்க் என்ற கடற்படை அதிகாரி அதிலிருந்து உயிரோடு மீண்டார், எப்படி என்று சொல்லவும் செய்தார். ஆனாலும் போரின் முதல் ஆண்டுகளில் அந்த அறிவு பயிற்சித் திடல்களுக்குச் சரியாகப் போய்ச் சேரவில்லை. பல ஆசிரியர்களுக்கே ஸ்பின் என்றால் பயம். பயப்படுகிறவர் சொல்லித்தர மாட்டார், "அந்தப் பக்கமே போகாதே" என்றுதான் சொல்வார். மாணவன் தனியாகப் போகும்போது அது தானாக வந்துவிட்டால் அவனுக்கு ஒன்றும் தெரியாது.

1917 ஏப்ரலில் பிரான்ஸில் நடந்த அராஸ் சண்டையின்போது பிரிட்டிஷார் அந்த ஒரே மாதத்தில் 245 விமானங்களை இழந்தார்கள். ஜெர்மன் விமானங்கள் மேலானவை என்பது ஒரு காரணம். எதிரே போனவர்களில் பலர் அரைகுறையாகப் பறக்கக் கற்ற பிள்ளைகள் என்பது இன்னொரு காரணம்.

இதை மாற்றியவர் ராபர்ட் ஸ்மித்-பாரி. 1914 ஆகஸ்டில் விமானம் விழுந்து கால்கள் உடைந்தவர். பிறகு 60-ஆவது ஸ்குவாட்ரன் என்ற போர் விமானப் பிரிவை நடத்தியவர். தன்னிடம் அனுப்பப்பட்ட புதுப் பையன்களின் நிலையைப் பார்த்து மேலதிகாரி ட்ரெஞ்சர்டுக்கு விடாமல் கடிதம் எழுதினார். சரி, நீயே செய்து காட்டு என்று 1916 கடைசியில் இங்கிலாந்திலுள்ள காஸ்போர்ட்டுக்கு அனுப்பினார்கள். அங்கே அவர் செய்தவை இன்று சாதாரணமாகத் தெரியும். அவ்ரோ 504 விமானத்தில் இரண்டு பேருக்கும் முழுக் கட்டுப்பாடு. மாணவன் விமானியின் இருக்கையில். ஆசிரியர் பேசுவது காதில் விழ ஒரு ரப்பர் குழாய். ஸ்பின், பக்கக்காற்றில் இறங்குவது, செங்குத்தான திருப்பம் என்று எதற்கெல்லாம் பயந்தார்களோ அதையெல்லாம் ஆசிரியர் கூட இருக்கும்போதே செய்யவைப்பது. ஆபத்தை மறைக்காமல் காரணத்தைச் சொல்லிக் காட்டுவது. எல்லாவற்றுக்கும் மேலே, 1917-ல் அந்த இடத்தை ஆசிரியர்களைத் தயாரிக்கும் பள்ளியாகவே மாற்றியது. போர் தந்த பெரிய பாடம் அதுதான் என்பேன்.

இனி என் கதை. தாம்பரத்தில் கிரண் ஜெட் விமானங்களில் வேலை. போர் விமான ஸ்குவாட்ரனிலிருந்து ஆசிரியர் கோர்ஸுக்கு ஒரு ஃப்ளைட் லெஃப்டினன்ட் வந்திருந்தார், வடக்கத்திக்காரர். பறப்பதில் கில்லாடி என்று எல்லோரும் சொன்னார்கள். அவருக்குத் தகராறு பேச்சில்தான். கை செய்வதை வாய் அதே நேரத்தில் சொல்ல வேண்டும், அதற்கு 'பாட்டர்' என்று பெயர். அது அவருக்கு வரவில்லை. சாயங்காலம் ஹேங்கரில் நிற்கும் விமானத்தில் ஏறி உட்கார்ந்து தனக்குத்தானே சொல்லிப் பார்ப்பார்.

ஒருநாள் கீழே டயர் வேலையில் இருந்த என்னைக் கூப்பிட்டு, "இடது சீட்டில் உட்கார், நீதான் மாணவன், புரியாததைக் கேள்" என்றார். (அனுமதி உண்டா என்று யாராவது கேட்பீர்கள். என் சார்ஜண்ட் பக்கத்திலேயே இருந்தார். ஆபத்தில் விமானியை வெளியே தூக்கி எறியும் இஜெக்ஷன் சீட்டின் பாதுகாப்புப் பின்களை அவரே சரிபார்த்த பிறகுதான் ஏறினேன்.) ஸ்பின்னிலிருந்து மீள்வதைச் சொன்னார்: த்ராட்டிலை (இன்ஜின் விசையை) குறை, சுழலும் திசைக்கு எதிர்ப்பக்க ரட்டரை (வால் சுக்கானை) மிதி, ஸ்டிக்கை (மூக்கை ஏற்றி இறக்கும் தண்டை) முன்னால் தள்ளு. நான் கேட்டேன், "சார், மூக்கு ஏற்கெனவே தரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. இன்னும் ஏன் முன்னால் தள்ளணும்? இழுக்கத்தானே தோணும்?"

கொஞ்ச நேரம் அவர் பேசவில்லை. கோபித்துக்கொண்டாரோ என்று நினைத்தேன். அப்புறம் கையையே இறக்கை மாதிரி வைத்துக்கொண்டு விளக்கினார். இழுத்தால் இறக்கை காற்றை இன்னும் மோசமான கோணத்தில் சந்திக்கும், தூக்குவிசை திரும்பாது. தள்ளினால்தான் காற்று மறுபடி இறக்கையோடு ஒட்டி ஓடும், பிறகு மெதுவாக இழுக்கலாம். பத்தாவது முடித்துவிட்டு வந்த எனக்கு அது தெளிவாகப் புரிந்தது. "இந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதே இல்லை" என்றார். அதற்குப் பிறகு பல சாயங்காலங்கள் கூப்பிட்டார். நல்ல ஆசிரியராகத்தான் கோர்ஸை முடித்தார். அதில் எனக்கும் ஒரு பங்கு உண்டு என்பதில் இன்றைக்கும் பெருமைதான்.

இதைச் சொல்லும்போது இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். எங்கள் ஊர்ப்பக்கம் ஒரு பள்ளியில் குடியரசு நாளுக்கு என்னைப் பேச அழைத்தார்கள். போன பிறகுதான் "நீங்க பைலட் இல்லையா சார்?" என்று கேட்டார்கள். இல்லை என்றதும் மேடை நாற்காலி வேறொருவருக்குப் போய்விட்டது. ஒவ்வொரு முறை விமானம் கிளம்பும் முன்பும், அது பறக்கத் தயார் என்று ஃபார்ம் 700 என்ற பராமரிப்புப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுகிறவர்கள் நாங்கள். அந்தக் கையெழுத்தை நம்பித்தான் பைலட் ஏறுகிறார். பிள்ளைகளுக்கு அதை யார் சொல்லித்தருவது?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். முதல் உலகப் போரில் பிரிட்டனில் பயிற்சியில் மட்டும் 8000 பேர் செத்தார்கள் என்று இணையத்தில் ஒரு கணக்கு சுற்றுகிறது. ஆய்வாளர்கள் அதை ஏற்கவில்லை, நீங்களும் அதைப் பிடித்துக்கொள்ள வேண்டாம். எல்லாப் பழியையும் ஆசிரியர்கள் மேல் போடுகிறேன் என்றும் சொல்லாதீர்கள். எஞ்சின்கள் பாதி வழியில் நின்றன, பாராசூட் கிடையாது. நம் நாட்டிலேயே எச்.பி.டி-32 பயிற்சி விமானத்தில் பல உயிர்கள் போன பிறகுதான் 2009-ல் அதை நிறுத்தினார்கள். அதில் ஆசிரியர்களும் இறந்தார்கள். எந்திரம் கைவிட்டால் நல்ல ஆசிரியராலும் எப்போதும் காப்பாற்ற முடியாது.

ஆனால் கல்கத்தாவில் பிறந்து, அந்தப் போரில் பிரிட்டிஷ் விமானியாகப் பறந்த இந்திர லால் ராயைப் பாருங்கள். 1917 டிசம்பரில் விமானம் மோதிப் படுகாயம். அடுத்த ஆண்டு 40-ஆவது ஸ்குவாட்ரனில் மெக்கெல்ராய் என்ற அனுபவசாலியின் அணியில் சேர்ந்து, 1918 ஜூலையில் இரண்டு வாரத்துக்குள் வான்சண்டையில் 10 வெற்றிகள். அதே மாதம் 22-ஆம் தேதி, 19 வயதில், சண்டையில் இறந்தார். டிசம்பரிலேயே அவர் இறந்திருந்தால் அவரையும் "அலட்சியக்காரப் பையன்" என்றுதான் எழுதியிருப்பார்கள்.

நீங்கள் இதைக் கேட்பது வீட்டில் ஒரு பையனோ பெண்ணோ என்.டி.ஏ அல்லது ஏஎஃப்கேட் என்ற படை அதிகாரி நுழைவுத் தேர்வு எழுதத் தயாராவதால்தான் என்று நினைக்கிறேன். அப்படியென்றால் பிள்ளையைத் தடுக்க வேண்டாம். 1915-ல் அந்தப் பையன்களுக்குக் கிடைக்காதது இன்று கிடைக்கிறது: பயிற்சி பெற்ற ஆசிரியர், அவர் கூட இருக்கும்போதே ஸ்பின் பாடம். புரியாததை அங்கேயே, அப்போதே, கூச்சப்படாமல் கேட்கச் சொல்லி மட்டும் அனுப்புங்கள்.