ஆங்கிலத்தில் 'தி அப்பர் ஹேண்ட்' என்று எப்போது சொல்வார்கள்? 'அதிகாரம்' என்று பொருள் எடுத்துக்கொள்ளலாமா? இரண்டு உதாரணங்களும் கொடுத்துக் கேட்டிருக்கிறீர்கள்.

எடுத்துக்கொள்ளக் கூடாது. அப்படி எடுத்துக்கொண்டு மாட்டியவன் நான்.

திருப்பூரில் ஒரு ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசராக, அதாவது ஆர்டர்களைக் கவனித்துக்கொள்பவராக, சேர்ந்த புதிது. பையருக்கு, அதாவது துணி வாங்கும் வாடிக்கையாளருக்கு, மெயில் போடுவதுதான் பாதி வேலை. இங்கிலாந்துக்காரப் பெண்மணி ஒருவருக்கு லேப் டிப் (சாயம் ஏற்றிய மாதிரித் துணித்துண்டு) அனுப்பி ஒரு வாரம் ஆகியும் கலர் அப்ரூவல் வரவில்லை. சாயப்பட்டறையிலிருந்து தினமும் போன். 'இதில் முடிவெடுக்க வேண்டியவர் நீங்கள்தான், கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்' என்று பணிவாகக் கேட்க நினைத்தேன். கொஞ்சம் கெத்தாகவும் இருக்கட்டுமே என்று, 'ஆஸ் யூ ஆர் ஹேவிங் தி அப்பர் ஹேண்ட்' என்று ஆரம்பித்துவிட்டேன். மறுநாள் பதில் வந்தது: 'நமக்குள் சண்டை நடக்கிறது என்பதே எனக்குத் தெரியாதே!' அதற்குக் கீழே, இரண்டாவது ஷேட் ஓகே என்று ஒரு வரி. சிசியில் இருந்த எங்கள் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "ஏப்பா, பையர்கிட்டயே வம்பு இழுக்கறயா?" என்றார்.

அந்தப் பெண்மணி கிண்டலாக எழுதியதுதான் சரியான விளக்கம். அப்பர் ஹேண்ட் என்று சொன்னாலே எதிரும் புதிருமாக இரண்டு தரப்பு இருக்கிறது, நடுவே ஏதோ ஓர் இழுபறி நடக்கிறது என்று கேட்பவர் புரிந்துகொள்வார். இந்த நேரத்தில் யார் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதைத்தான் அந்தத் தொடர் சொல்கிறது. யார் பெரிய பதவியில் இருக்கிறார் என்பதை அல்ல. கலெக்டருக்குத் தாசில்தார் மேல் அதிகாரம் உண்டு. ஆனால் கலெக்டருக்கு அப்பர் ஹேண்ட் இருக்கிறது என்று எழுதினால், படிப்பவர் 'அவங்களுக்குள்ள என்ன தகராறு?' என்று கேட்பார். மறுபக்கம், எந்தப் பதவியும் இல்லாதவருக்கும் அது வாய்க்கும். நூல் தட்டுப்பாடான மாதத்தில், குடோனில் நாற்பது மூட்டை வைத்திருக்கும் சின்ன வியாபாரி முன்னால் பெரிய கம்பெனி முதலாளி கைகட்டி நிற்பார். அன்றைக்கு அப்பர் ஹேண்ட் வியாபாரியிடம். அடுத்த மாதம் நூல் தாராளமாக வந்ததும் அவரிடமிருந்து போய்விடும்.

இதற்குத் தமிழில் வார்த்தை தேடி அலையவே வேண்டாம். 'அவன் கை ஓங்கியிருக்கு' என்கிறோமே, அதேதான். தேர்தல் செய்தியில் 'ஆளுங்கட்சியின் கை ஓங்கியது' என்று படித்தால், நேற்றுவரை அப்படி இல்லை, நாளை மாறலாம் என்பது நமக்குச் சொல்லாமலே புரிகிறது. ஆங்கிலத் தொடரிலும் அதே நிறம்தான். 'மேலாதிக்கம்' என்று மொழிபெயர்க்கும்போது அந்த நிறம் போய்விடுகிறது. மேலாதிக்கம் வருடக் கணக்கில் நிற்பது. ஒரே ஒரு எச்சரிக்கை: 'கை ஓங்கினான்' என்றால் நமக்கு அடிக்கப் போனான் என்றும் அர்த்தம். ஆங்கிலத் தொடரில் அந்த அடி கிடையாது.

பயன்படுத்தும் விதத்தில் நம்மவர்கள் சறுக்கும் முதல் இடம் முன்னால் வரும் 'தி'. நாம் 'ஆன் (an) அப்பர் ஹேண்ட்' என்று சர்வசாதாரணமாக எழுதுகிறோம், நம் ஊர் ஆங்கிலப் பத்திரிகைகளிலும் பார்க்கலாம். ஆங்கிலேயர் காதுக்கு அது இடறும். ஓங்கிய கை ஒன்றுதான், ஒரு நேரத்தில் ஒருவரிடம்தான் இருக்க முடியும், அதனால் 'தி'. பன்மையும் கிடையாது. இரண்டு கட்சிக்கும் அப்பர் ஹேண்ட்ஸ் இருக்கிறது என்று சொன்னால் சிரிப்பார்கள். 'ஹேவ்' சேர்த்தால் இருக்கிறது. 'கெட்', 'கெய்ன்' சேர்த்தால் இப்போதுதான் கைக்கு வந்தது. 'லூஸ்' என்றால் நழுவியது. 'ரீகெய்ன்' என்றால் நழுவியது திரும்பி வந்தது. நான் எழுதிய 'ஹேவிங்' தனித் தப்பு, அதை விடுங்கள். எதிராளியைச் சொல்ல 'ஓவர்', எந்த விஷயத்தில் என்று சொல்ல 'இன்'. எதிராளி ஆளாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. தோட்டத்தில் களையின் கை ஓங்கும், மனதில் கோபத்தின் கை ஓங்கும், அதெல்லாம் அங்கே இயல்பான பேச்சு.

தோற்றுக்கொண்டிருப்பவரை 'லோயர் ஹேண்ட்' என்று சொல்லலாமா என்று அடுத்து கேட்பீர்கள். ஒரு காலத்தில் அபூர்வமாக இருந்தது, இன்று யாரும் சொல்வதில்லை. பிரிட்டிஷ்காரர் என்றால் கிரிக்கெட்டிலிருந்து எடுத்து 'ஆன் (on) தி பேக் ஃபுட்' என்பார், பின்காலில் நின்று சமாளிக்கிறார் என்று.

எவ்வளவு சாய்ந்தால் அப்பர் ஹேண்ட்? இதற்கு எனக்குக் கிடைத்த நல்ல அளவுகோல் செஸ். பெல்கிரேடில் 1966 முதல் வெளிவரும் 'செஸ் இன்ஃபார்மன்ட்' தொகுப்புகளில் ஆட்டங்களுக்கான விளக்கம் வார்த்தையில் இருக்காது, குறிகளில் இருக்கும். எந்த மொழிக்காரரும் படிக்கலாம். பிளஸ் குறிக்குக் கீழே சமக்குறி இருந்தால் வெள்ளைக்குக் கொஞ்சம் நல்ல நிலை. பிளஸ்ஸுக்குக் கீழே மைனஸ் இருந்தால், ஆங்கில விளக்கப் பட்டியலில், வெள்ளைக்கு அப்பர் ஹேண்ட். பிளஸ்ஸும் மைனஸும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் ஆட்டமே தீர்ந்த மாதிரி. ஆக, கொஞ்சம் முந்தியிருப்பதை விடக் கூடுதல், ஜெயித்துவிட்டதை விடக் குறைவு. அன்றாட ஆங்கிலத்திலும் ஏறக்குறைய இந்த எடைதான். ஜெயித்து முடித்தவரைப் பற்றி யாரும் 'ஹேஸ் தி அப்பர் ஹேண்ட்' என்று சொல்வதில்லை.

எங்கிருந்து வந்தது என்றால், இணையத்தில் ஒரு பேஸ்பால் கதை சுற்றுகிறது. பேட்டை ஒருவர் மாற்றி ஒருவர் கீழிருந்து மேலாகப் பிடித்துக்கொண்டே போக, கடைசியில் யார் கை உச்சியில் வருகிறதோ அவருக்கு முதல் உரிமை என்று. விளையாடும் பழக்கம் உண்மை, கதை பொய். நியூயார்க்கின் நிக்கர்பாக்கர் சங்கம் பேஸ்பால் விதிகளை எழுதி வைத்ததே 1845இல். தொடரோ 15ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே இருக்கிறது, அதற்கும் முன்னால் 'ஓவர்ஹேண்ட்' என்ற வடிவில் இருந்தது. ஜெர்மனில் இன்றும் 'ஓபர்ஹாண்ட்' என்றுதான் சொல்கிறார்கள். 16ஆம் நூற்றாண்டில் மைல்ஸ் கவர்டேல் என்பவர் பைபிளின் சங்கீதங்களுக்குச் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பில், 9ஆம் சங்கீதம் 19ஆம் வசனத்தில், மனிதனின் கை ஓங்க விடாதேயும் என்று ஆண்டவரிடம் வேண்டும் இடத்தில் இதே தொடர் வருகிறது. இங்கிலாந்துத் திருச்சபையின் 1662 ஜெபப் புத்தகத்திலும் அது உண்டு. 1611இல் வந்த கிங் ஜேம்ஸ் வேதாகமத்தில் அதே இடத்தில் வேறு சொல்லைப் போட்டுவிட்டார்கள்.

ஒரு குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். கொடுக்கிற கை மேலே, வாங்குகிற கை கீழே என்று நம் வீடுகளில் சொல்வதுண்டு. முஸ்லிம் நண்பர்களுக்கு ஹதீஸிலும், அதாவது நபிமொழியிலும், தெரிந்த கருத்து. அதன் ஆங்கில மொழிபெயர்ப்புகளில் 'அப்பர் ஹேண்ட்' என்றே இருக்கும். அங்கே நிஜமாகவே மேலே இருக்கும் கை, தானம் கொடுக்கும் கை. இந்த மரபுத்தொடரோடு சேர்க்காதீர்கள்.

'விப் ஹேண்ட்' என்று இதற்கு ஒரு முரட்டு அண்ணன் உண்டு. குதிரை ஓட்டுபவரின் சாட்டை பிடித்த கை, 17ஆம் நூற்றாண்டுச் சரக்கு. அதில் மற்றவரை ஆட்டிப்படைக்கும் தொனி வந்துவிடும். பையருக்கு நான் அதை எழுதாமல் விட்டது என் அதிர்ஷ்டம்.

நீங்கள் கொடுத்த இரண்டு உதாரணங்களுக்கு வருகிறேன். 'எங்கள் ஆபீஸில் மேனேஜருக்குத்தான் அப்பர் ஹேண்ட்' என்பது, அவர்தான் பொறுப்பு என்று சொல்வதற்காக என்றால் தப்பு. 'இன் சார்ஜ்' போதும். 'சம்பளப் பேச்சில், வேறு கம்பெனி ஆஃபர் வந்ததால் எனக்கு அப்பர் ஹேண்ட்' என்பது கனகச்சிதம். அதை மட்டும் ஆஃபர் லெட்டர் கையில் வந்த பிறகு சொல்லுங்கள்.