சேர்ந்து உட்கார்ந்து எழுதுவது: கேள்வி பதில்

பாளையங்கோட்டையில் ஒரு நண்பர் வீட்டு மாடியில் ஞாயிறுதோறும் காலை 6 முதல் 8 வரை ஏழெட்டுப் பேர் கூடுகிறோம். அவரவர் கதையை, கட்டுரையை அவரவர் எழுதுகிறோம். அதைப் பற்றி வந்த கேள்விகள் இவை.

அண்ணாச்சி, தனியே உட்கார்ந்தால் பத்து நிமிஷத்தில் கை போனுக்குப் போய்விடுகிறது. நாலு பேர் கூட இருந்தால் மட்டும் எப்படி மாறும்? (அம்பாசமுத்திரம்)

முக்கூடல் பக்கம் மத்தியானத்தில் தெருவோடு நடந்து பாருங்கள். மடியில் சொளகு வைத்துக்கொண்டு நாலைந்து பெண்கள் ஒரே திண்ணையில் பீடி சுற்றுவார்கள். வீட்டுக்குள் தனியாகச் சுற்றினாலும் அதே கூலிதான். பிறகு ஏன் சேர்ந்து உட்காருகிறீர்கள் என்று அம்மாவிடம் ஒருமுறை கேட்டேன். "பக்கத்துல ஒருத்தி சுத்திக்கிட்டு இருக்கும்போது எந்திரிக்க மனசு வராதுலே" என்றாள். மாடியில் எங்களுக்கு நடப்பதும் அதேதான். போனை மட்டும் வாசலில் வைத்துவிட்டு வாருங்கள். கவிழ்த்து மேசையில் வைத்தால் போதாது.

25 நிமிஷக் கணக்கு சரிவருமா?

அது பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலிக்காரர் 1980களின் கடைசியில், மாணவராக இருந்தபோது தொடங்கிய முறை. தக்காளி வடிவ அடுப்பங்கரைக் கடிகாரத்தை வைத்து 25 நிமிஷம் வேலை, 5 நிமிஷம் ஓய்வு. திருத்துவதற்கு நல்லது. புதிதாக எழுதும்போது காட்சிக்குள் போகவே 20 நிமிஷம் ஆகிறது, அதனால் நாங்கள் 50 வைத்திருக்கிறோம்.

நடுவில் டீ உண்டா?

8 மணிக்கு மேல்.

எழுதியதை அங்கேயே வாசித்துக் காட்டலாமா?

கூடாது. வாசிக்கப்போகிறோம் என்று தெரிந்ததும் கை பக்கத்தில் இருப்பவருக்காக எழுத ஆரம்பித்துவிடும். ஒரு வாரம் கழியட்டும்.

பீடி கைவேலை. எழுத்து தனிமையில் செய்கிற தவம். இரண்டையும் எப்படி ஒப்பிடுகிறீர்கள்? (நாங்குநேரி)

நல்ல கேள்வி, பாதி உங்கள் பக்கம்தான். 1898இல் நார்மன் டிரிப்லெட் என்ற அமெரிக்கர் சிறுவர்களைத் தூண்டில் சக்கரம் சுற்றவைத்துப் பார்த்தார். பக்கத்தில் இன்னொருவர் சுற்றும்போது பலர் வேகமாகச் சுற்றினார்கள். அதுவும் கைவேலைதான். பிறகு வந்த சோதனைகளில் சிலருக்கு ஆள் இருந்தால் வேலை கெட்டது. 1965இல் ராபர்ட் சயோன்ஸ் என்ற உளவியலாளர் அந்த முடிச்சை அவிழ்த்தார்: பழகிய வேலைக்கு ஆள் இருப்பது உதவும், புதிதாகக் கற்கிற வேலைக்கு இடைஞ்சல்.

ஆகவே கதை எங்கே போகும் என்று தவிக்கிற நேரத்தில் தனியாக இருங்கள். தாமிரபரணிக் கரையில் வண்ணார்பேட்டைப் படித்துறையில் உட்காருங்கள். தெரிந்துகொண்டதைத் தாளில் இறக்குகிற நேரத்துக்கு மாடிக்கு வாருங்கள். பலர் யோசனையே இல்லாமல் வந்து, கூட்டம் எழுத வைக்கவில்லை என்று கோபித்துப் போகிறார்கள்.

எழுதும்போதுதானே யோசனையே வருகிறது? (மறுபடி நாங்குநேரி)

வரும். எனக்கும் அப்படி வந்திருக்கிறது. ஆனால் முதல் வரி கையில் இருந்த நாட்களில்தான் வந்தது.

நாங்குநேரிக்காரர் சொல்வதே சரி. எங்கள் குழுவில் பேச்சுதான் நடக்கிறது. (மேலப்பாளையம்)

நடுவில் பேச விட்டது உங்கள் தவறு. திண்ணையில் பேசினாலும் கை நிற்காது. பேனா நின்றுவிடும்.

துபாயில் இருக்கிறேன், வீடியோ காலில் செய்யலாமா?

தாராளமாக. ஒலியை அணைத்துவிட்டு, கேமராவைக் கையும் தாளும் தெரியும்படி வையுங்கள். தொடங்குமுன் "இன்று இதை எழுதப்போகிறேன்" என்று ஒரே வரி சொல்லுங்கள். முடிந்ததும் ஆயிற்றா இல்லையா என்று சொன்னால் போதும். எழுதியதை வாசிக்காதீர்கள்.

அவசரத்துக்குப் போன் வைத்துக்கொள்ளலாமா?

முதல் பதிலைப் படியுங்கள். இதே கேள்வி இன்னும் மூன்று பேரிடமிருந்து வந்திருக்கிறது, அவர்களுக்கும் இதுதான்.

பதிப்பாளர் யாரையாவது சொல்லுங்கள்.

அது என் துறை இல்லை. புத்தகம் போட்டவர்களைக் கேளுங்கள்.

சரி அண்ணாச்சி, ஒரு ஞாயிறு வந்து பார்க்கிறேன். என்ன கொண்டு வர? (நாங்குநேரி)

சனிக்கிழமை ராத்திரியே முதல் வரியை எழுதி, அந்தத் தாளைக் கொண்டு வாருங்கள். ஜன்னல் பக்கத்து இடத்தைப் பிடித்து வைக்கிறேன்.