குரூஸ் கண்ட்ரோல் இயங்காவிட்டால் இன்ஜின் கணினியை மாற்ற வேண்டுமா?

கேள்வி: என் காரில் சில வாரங்களாகக் குரூஸ் கண்ட்ரோல் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமலே காரை ஒரே வேகத்தில் செல்லவைக்கும் வசதி) வேலை செய்யவில்லை. டேஷ்போர்டில் அதற்கான விளக்கு எரிகிறது. செட் பொத்தானை அழுத்தினால் வேகம் நிலைப்பதில்லை. பிரேக் விளக்குகள் சரியாக எரிகின்றன. இன்ஜின் கணினியை மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். மாற்றலாமா?

பதில்: அவசரப்பட்டு முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். செட் பொத்தானை அழுத்தும்போது கார் என்ன வேகத்தில் செல்கிறதோ அதைக் கணினி குறித்துக்கொண்டு, ஏற்றத்தில் இன்ஜினுக்குக் கூடுதல் விசை கொடுத்தும் இறக்கத்தில் குறைத்தும் அதே வேகத்தைக் காக்க முயல்கிறது. பிரேக்கில் கால் பட்டவுடன் அது விலகிக்கொள்ள வேண்டும். ஆகவே, பிரேக் மிதிக்கப்பட்டிருக்கிறதா என்பதில் சிறு ஐயம் எழுந்தாலும் அது பொறுப்பை ஏற்காது.

அந்தத் தகவலைத் தருவது பிரேக் பெடலின் மேற்புறம் பொருத்தப்பட்டுள்ள சிறிய பிளாஸ்டிக் ஸ்விட்ச். பல கார்களில் அதனுள் இரண்டு இணைப்புகள் உண்டு: ஒன்று பிரேக் விளக்கை எரியவைக்கும், மற்றொன்று கணினிக்குச் செய்தி சொல்லும். இரண்டாவது மட்டும் பழுதானால், விளக்கு வழக்கம்போல் எரியும், குரூஸ் கண்ட்ரோல் இயங்காது. காரின் கணினியில் பதிவான கோளாறுக் குறியீடுகளைப் படிக்கும் ஸ்கேனர் கருவியில் பி0504 அல்லது பி0571 என்ற குறியீடு வந்தால் முதலில் சோதிக்க வேண்டியவை இந்த ஸ்விட்சும் அதன் வயர்களும்தான். மேனுவல் கியர் காரானால் கிளட்ச் ஸ்விட்சையும் பார்க்கச் சொல்லுங்கள்.

ஒரு விதிவிலக்கு உண்டு. டேஷ்போர்டில் ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு) விளக்கும் சேர்ந்து எரிந்தால், சக்கர வேகத்தை அளக்கும் சென்சாரில் கோளாறு இருக்கலாம். வேகமே சரியாகத் தெரியாத நிலையில் கணினி எதைக் காக்கும்? அப்போது பிரேக் ஸ்விட்சை மாற்றிப் பயனில்லை. சக்கரத்தருகே உள்ள சென்சாரில் சேறு படிந்துள்ளதா, வயர் அறுந்துள்ளதா என்று முதலில் பார்க்க வேண்டும். ஏபிஎஸ் விளக்கு எரியாவிட்டால் இந்தக் கவலை பெரும்பாலும் வேண்டாம்.

ஸ்கேன் செய்யக் கட்டணம் வாங்கிக்கொண்டு, வந்த குறியீட்டை வண்டிக்காரரிடம் காட்ட மறுப்பது பல பணிமனைகளில் வழக்கமாகிவிட்டது; இதைக் கேட்பாரில்லை. அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். "பழைய கணினி மலிவாகக் கிடைக்கும்" என்று வரும் தரகரை அறவே தவிர்த்துவிடுங்கள். வேறொரு காரிலிருந்து கழற்றிய கணினிக்கு உங்கள் சாவியின் மின்னணு அடையாளம் தெரியாது. அதை முறைப்படி பதிவு செய்யாவிட்டால், இம்மொபிலைசர் (சரியான சாவி இல்லாமல் இன்ஜினை ஓடவிடாத மின்னணுப் பூட்டு) உள்ள காரில் இன்ஜினே ஓடாமல் போகும். அதன்பின் தரகர் தொலைபேசியை எடுக்கமாட்டார்.

ஸ்விட்சை மாற்றிய பிறகு, போக்குவரத்து இல்லாத நேரான சாலையில் குரூஸ் கண்ட்ரோலை இயக்கி, பிரேக்கை இலேசாகத் தொட்டு, அது உடனே விடுபடுகிறதா என்று நீங்களே சோதித்துவிட்டு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.